வராதீங்கன்னு சொன்னேனே

நவம்பர் 4, செவ்வாய்

மூச்சு வகுப்புக்குப் போய் வந்தேன். ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில் அதே நீள அறை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், மிதித்தாலும் எங்கும் போகாத சைக்கிள். நெஞ்சு நோய்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து உதட்டைக் குவித்து ஊதினோம். "மெழுகுவத்தி அணையக் கூடாது, ஆடணும், அவ்வளவுதான்" என்று பயிற்சி கொடுக்கும் பெண் எப்போதும் போலச் சொன்னாள். பக்கத்து நாற்காலியிலிருந்து விசில் என் காதருகே குனிந்து, "நம்மளப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டா கேக்கு வெட்டுறதுக்குள்ள அடுத்த பிறந்தநாள் வந்துடும்டி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

விசில் என்று பெயர் வைத்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, தங்கையோடு வசிக்கிறவர். வேலை பார்த்த காலமெல்லாம் கழுத்தில் விசில். இப்போது ஆஸ்துமா முற்றி நெஞ்சுக்குள்ளேயே ஒன்று ஊதிக்கொண்டிருக்கிறது. நேரில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். பழிக்குப் பழியாக அவர் எனக்கு வைத்த பெயர் பஞ்சு. தலையணைக் கம்பெனியில் நான் அடைத்த பஞ்சில் பாதி தலையணைக்குள் போயிற்று, மீதி எனக்குள் போயிற்று என்பார். டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். அவர் இன்னும் கொஞ்சம் நீளமாகச் சொன்னார்.

"நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு நல்ல நுரையீரல் தேறும்" என்பது விசிலின் கணக்கு.

காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பயிற்சிப் பெண் கேட்டாள். ரெண்டு பேரும் போடவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சேர்ந்தே போய்ப் போட்டுக்கொள்வதாக முடிவு.

நவம்பர் 6, வியாழன்

தொண்டையில் ஏதோ உறுத்துகிறது. ஒன்றும் இருக்காது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் சீருடைப் பாவாடைகளுக்கு மடிப்புத் தைத்து முடித்தேன். நாளைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

அடித்துப் போட்ட மாதிரி உடம்பு. கண்ணைத் திருப்பினால் கண்ணே வலிக்கிறது. வகுப்புக்குப் போகவில்லை. விசில் போன் செய்தார். "ஊசி போட்டுட்டு வந்துடுங்க டீச்சர்" என்றேன். "நீ இல்லாம நான் மட்டும் போயி யாருகிட்டக் கையப் புடிச்சுக்கச் சொல்றது? உனக்கு நல்லாகட்டும், போவோம்."

நவம்பர் 8, சனி

சளி பச்சையாக வருகிறது. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. இவர், என் வீட்டுக்காரர், இன்று பஸ் எடுக்கப் போகவில்லை. காய்ச்சலோடும் ஸ்டீரிங் பிடித்த மனுஷன். அவர் லீவு போட்டால்தான் எனக்குப் பயமாக

நவம்பர் 19, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. பேனா பிடித்தால் கை நடுங்குகிறது. மேலே பாதியில் நின்ற வரியைப் பார்த்தேன். அதை முடிக்க மனமில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியைப் பற்றிக் கொஞ்சம்தான் ஞாபகம். முகத்தை அழுத்திக்கொண்டு ஒரு மூடி. அது என் மூச்சுக்குக் காத்திராமல் தானே உள்ளே தள்ளும். அதோடு சண்டை போடாதீர்கள், அது தள்ளும்போது நீங்களும் இழுங்கள் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தாள். காற்றுக்காகச் சண்டை போட்டுப் போட்டே இத்தனை வருஷம் வந்தவளிடம் சண்டை போடாதே என்றால் எப்படி? பிறகு பழகிக்கொண்டேன். கால்மாட்டில் இவர் உட்கார்ந்திருந்தார், டிரைவர் சீட்டில் உட்காருகிற மாதிரியே, முதுகு நிமிர்ந்து, முன்னால் பார்த்தபடி.

கிளம்பும்போது நெஞ்சு டாக்டர் சொன்னார்: "ஃப்ளூ போயிடுச்சும்மா. ஆனா அது போனதும் எல்லாம் பழையபடி ஆயிடும்னு நெனச்சுக்காதீங்க. உங்க நுரையீரல் ஏற்கெனவே அடி வாங்கினது. பழைய நிலைக்கு வர மாசக்கணக்காகலாம்."

"வராமலும் போகலாமா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "முயற்சி பண்ணுவோம்" என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய் வருவது மலையேறுகிற மாதிரி இருக்கிறது. தலையில் தண்ணீர் ஊற்றினால் மூச்சு முட்டுகிறது. இவர்தான் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து முதுகு தேய்த்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தலைக்கு இவர் தண்ணீர் ஊற்றியதில்லை. சோப்பு கண்ணில் போனது. "கண்ண மூடத் தெரியாதா?" என்று கத்தினார். கத்திவிட்டுக் கையாலேயே என் கண்ணைத் துடைத்தார்.  

விசிலின் போன் தினமும். யாரும் நேரில் வந்து என்னைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் போனிலேயே டிரில் நடக்கிறது. "எழுந்து உக்காரு. சாயாத. சாயுற சத்தம் கேக்குது. உதட்டக் குவி. ம், ஊது." எனக்கு அழுகையாக வருகிறது என்றேன். "அழு, ஆனா நிமிந்து உக்காந்து அழு. நெஞ்சு விரியும்."

நவம்பர் 24, திங்கள்

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

சாயங்காலம் படுத்திருந்தேன். இவர் டூட்டியில். தெருவிலிருந்து கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நின்றது. மறுபடியும். யாரோ குழந்தை விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு ஊதுகிறது என்று நினைத்தேன். அப்புறம் போன் அடித்தது.

"காது கேக்கலையா? ஜன்னலுக்கு வாடி."

"எங்கிருந்து பேசறீங்க டீச்சர்?"

"வந்து பாரு."

சுவரைப் பிடித்து, அலமாரியைப் பிடித்து, தையல் மிஷினைப் பிடித்து நடந்தேன். எதிர்ச் சாரியில், சைக்கிள் கடை வாசலில், கம்பளிச் சட்டையும் முகமூடியுமாக விசில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அந்தப் பழைய விசில். முகமூடியை இறக்கி இன்னொரு தரம் ஊதினார். ஒரு காலத்தில் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும். இன்று தெருவைத் தாண்டவில்லை. சைக்கிள் கடைக்காரர் பஞ்சரை விட்டுவிட்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடியிலிருந்து நான் கையை ஆட்டினேன். அவர் கையாலேயே சைகை காட்டினார்: திரும்பு, கட்டில் வரை போ, மறுபடி வா. போனேன். வந்தேன். அவர் தலைக்கு மேலே கை தட்டினார், ஓட்டப் பந்தயத்தில் பிள்ளைகளுக்குத் தட்டுகிற மாதிரி. அப்புறம் சைக்கிள் கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நானும் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இன்றைக்குத்தான் நான் நோயாளி என்பது கொஞ்ச நேரம் மறந்தது.

நவம்பர் 26, புதன்

நேற்றும் வந்தார், இன்றும் வந்தார். இவருக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் சொல்லியிருப்பார்.

"பஸ்ல ஏறுறவன்ல பாதிப் பேரு இருமுறான். நான் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் ஓட்டுறேன். ஊரே காய்ச்சல்ல கெடக்கு. அந்த டீச்சருக்கும் உன்ன மாதிரி நெஞ்சுதானே? வர வேணாம்னு சொல்லு."

சரிதான். அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. போன் செய்தேன்.

"டீச்சர், வராதீங்க. பஸ்ஸெல்லாம் ஒரே இருமலாம், இவரு சொல்றாரு."

"நீ சொல்றியா, அவரு சொல்றாரா?"

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் சிரித்தார். "அப்ப நாளைக்கு அதே நேரம்" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 28, வெள்ளி

வந்தார். கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நாலைந்து தரம் நடந்தேன். நாளைக்கு வாசற்கதவு வரை என்று உத்தரவு.

டிசம்பர் 1, திங்கள்

நல்ல குளிர். வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டே தலை வாரி உட்கார்ந்திருந்தேன். வந்தார். இன்று விசில் ஊதவில்லை, போனில்தான் கூப்பிட்டார். ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கேட்டதற்கு, குளிரில் உதடு ஒட்டவில்லை என்றார். குரல் கொஞ்சம் கரகரப்பு. "வீட்டுக்குப் போங்க டீச்சர்" என்றேன். "நீ நடந்து காட்டு, போறேன்" என்றார். நடந்து காட்டினேன்.

டிசம்பர் 3, புதன்

இன்று வரவில்லை. "சும்மா மூக்கடைப்பு. நீ நட. நான் இங்கருந்தே பாத்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சுக்க."

டிசம்பர் 5, வெள்ளி

போன் எடுக்கவில்லை. காலையில், மத்தியானம், சாயங்காலம். இவரிடம் சொன்னேன், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று. போனார். வந்து, "டீச்சரும் தங்கச்சியும் ஊருக்குப் போயிருக்காங்களாம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்றார்.

என்னிடம் சொல்லாமல் ஊருக்கா?

டிசம்பர் 9, செவ்வாய்

இவர் ரெண்டு நாளாகச் சரியில்லை. மீன் சூப் வைத்துக்கொண்டு வந்து, ஊட்டிவிடட்டுமா என்று கேட்கிறார். இவருக்கும் எனக்கும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. டூட்டிச் சட்டை இல்லாமல் வேறு சட்டை போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினார். எங்கே என்றேன். டிப்போவில் மீட்டிங் என்றார். வந்ததும் நேரே குளிக்கப் போனார்.

ஊரில் டவர் கிடைக்காதாம். அதனால்தான் டீச்சர் பேசவில்லையாம். இதைச் சொல்லும்போது இவர் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த ஜன்னல்.

நான் நடக்கிறேன். வாசற்கதவு வரை போய்விட்டேன், மாடிப்படியில் ரெண்டு படி இறங்கி ஏறியும் விட்டேன். டீச்சர் வந்தால் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 15, திங்கள்

இன்று ஒருவழியாகப் போனை யாரோ எடுத்தார்கள். சந்தோஷத்தில், "எந்த ஊருக்குப் போய் ஒளிஞ்சுக்கிட்டீங்க? நான் மாடிப்படி ஏறிட்டேன் தெரியுமா?" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். 

அப்புறம், "நான் அவங்க தங்கச்சி பேசறேன்" என்றது குரல்.

அப்புறம், "உங்களுக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரரு வந்திருந்தாரே, தூக்கினப்போ அவரும் தோள் குடுத்தாரே" என்றது.

டிசம்பர் 16, செவ்வாய்

வராதீங்கன்னு சொன்னேனே. சொன்னேன்தானே? சொன்னேன். ஆனா எப்படிச் சொன்னேன்? நீ சொல்றியா அவரு சொல்றாரான்னு கேட்டப்போ நான்தான் சொல்றேன்னு ஒரு வார்த்தை— ஒரே ஒரு வார்த்தை. வாயத் தொறக்கலையே நான். மறுநாள் தலை வாரி உக்காந்திருந்தேனே.

டிசம்பர் 20, சனி

டாக்டரிடம் கூட்டிப் போனார். விரலில் கிளிப் மாட்டி நடக்கச் சொன்னார்கள். நடக்க நடக்க ஆக்சிஜன் எண் இறங்கியது. ஃப்ளூவுக்கு முன்னால் இருந்த இடத்துக்கு நுரையீரல் திரும்பவில்லை, இனி பெரிதாகத் திரும்பும் என்று தோன்றவில்லை, வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்துக்கொள்ளுங்கள், நடக்கும்போது சின்ன சிலிண்டர் கூட இருக்கட்டும் என்றார். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் வேறு யாருக்கோ சொல்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பயிற்சியெல்லாம் பண்றீங்களா?" என்றார் டாக்டர். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். இவரோடு பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறார், சாப்பிடுகிறேன். மாத்திரை கொடுக்கிறார், விழுங்குகிறேன்.

டிசம்பர் 27, சனி

மிஷின் வந்துவிட்டது. தையல் மிஷினை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தார்கள். இரண்டும் மிஷின்தான். ஒன்று எனக்குச் சோறு போட்டது, இன்னொன்று மூச்சுப் போடுகிறது. நாள் பூராவும் உறுமிக்கொண்டிருக்கிறது.

அந்த உறுமலுக்கு நடுவில் இவர் பேசினார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"நீ பேசாம இருக்குறது நியாயந்தான். நான் பொய் சொன்னேன். அன்னிக்கு நான் போனப்பவே டீச்சர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தாங்க. நீ அப்பத்தான் ரெண்டு படி இறங்கி ஏறி வந்து, டீச்சர்கிட்டச் சொல்லணும்னு நிக்கிற. மூஞ்சியில கொஞ்சம் ரத்தம் வந்திருக்கு. அந்த நேரத்துல போயி எப்படிச் சொல்லச் சொல்ற? சொல்லியிருந்தா படுத்துருப்ப. படுத்தா எந்திரிச்சிருக்க மாட்ட. ரெண்டு பேரையும் பறிகுடுக்க என்னால முடியாது. அவ்வளவுதான்."

அப்புறம் சொன்னார்: "கூட்டமே இல்ல. நாலு பேரு வேணும், மூணு பேருதான் இருந்தாங்க. அதான் நான் தோள் குடுத்தேன்."

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். உள்ளே அழுதால் மூக்கடைத்து ஆக்சிஜன் குழாய் வேலை செய்யாது. அழுவதற்குக்கூட மூக்கு காலியாக இருக்க வேண்டியிருக்கிறது. மனசு விட்டு அழ ஒரு நல்ல நுரையீரல் வேண்டும்.

போர்வைக்குள்ளிருந்தே, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார்.

ஜனவரி 4, ஞாயிறு

விசிலின் தங்கை வந்தாள்.

கதவைத் திறந்தது இவர்தான். அவளைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார், விடவா வேண்டாமா என்பது போல. நான் தலையாட்டினேன். முகமூடியோடு வந்து, கட்டிலுக்குத் தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். விசில் அவளைப் பற்றிச் சொன்னதெல்லாம் குறைதான்: மிளகாயைக் கண்டால் பயப்படுவாள், பூட்டிய கதவை மறுபடி போய்ப் பார்ப்பாள். நான் முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அக்காவின் ஜாடையே இல்லை. குரல் மட்டும், சில வார்த்தைகளில், அப்படியே.

 திட்டத்தான் வந்திருக்கிறாள், திட்டட்டும், திட்டினால் தேவலை என்று இருந்தது.

"உங்க மேல கோவமா இருந்தேன்க்கா" என்றாள். "தூக்கின அன்னிக்கு உங்க வீட்டுக்காரரு மூஞ்சியக்கூட நான் பாக்கல. வேணாம் வேணாம்னு நான் கரடியாக் கத்தினேன், பஸ்ல ஏறி ஏறி இங்க வந்தா. உங்களாலதான் போனான்னு வர்றவங்க கிட்டெல்லாம் சொன்னேன்."

"உண்மைதானே" என்றேன்.

"இல்லக்கா." முகமூடிக்கு மேலே கண் நிறைந்து நின்றது. "மொதல்ல இருமினது நான். கிளினிக்குல வாயத் தொறந்துக்கிட்டு வர்றவங்கதானே எல்லாரும். எனக்கு லேசாக் காய்ச்சல், ரெண்டு நாள்ல போயிடுச்சு. நாங்க ஒரே ரூம்லதான் படுக்குறது. நான் எந்திரிச்சு வேலைக்குப் போனேன், அவ படுத்தா. எனக்கு அது அப்பவே தெரியும். தெரிஞ்சே உங்க மேல போட்டுக்கிட்டு இருந்தேன். சுலபமா இருந்துச்சு."

"அப்படியெல்லாம் இல்லம்மா. பஸ்ல வந்ததுதான்."

"பஸ் இல்லக்கா, நான்தான்."

"நான் ஒழுங்கா வராதீங்கன்னு சொல்லலம்மா."

"சொன்னா மட்டும் கேட்டிருப்பாளா?"

அந்தப் பழிக்காக ரெண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறை. இவர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. ஒண்ணும் சொல்லலக்கா. தண்ணி கேட்டா. குடுத்தேன். அவ்வளவுதான்."

எழுந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். "இதுதானா அந்த சைக்கிள் கடை?" என்றாள். ஆமாம் என்றேன். அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓய்வு வாங்கினதுலருந்து அவ நைட்டிய மாத்தினதே இல்லக்கா. வகுப்புன்னா மட்டும் டிரெஸ் பண்ணுவா. இங்க வர ஆரம்பிச்சப்புறம் மத்தியானமே பரபரன்னு ஆயிடுவா. கண்ணாடி முன்னாடி நின்னு தலையச் சீவிக்கிட்டு, 'எம் பஞ்சு காத்துக்கிட்டிருக்கும்'னுவா. எனக்கு எரிச்சலா வரும்."

பிறகு போய்விட்டாள். டீயைத் தொடவில்லை. 

ஜனவரி 5, திங்கள்

நிமிர்ந்து உட்கார்ந்து அழுதேன்.

ஜனவரி 12, திங்கள்

ஜன்னல் வரை நடந்தேன். குழாயை இழுத்துக்கொண்டு. வளர்ப்பு நாய் மாதிரி அதுவும் பின்னாலேயே வருகிறது. இவர் பார்த்தும் பார்க்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலைகீழாகப் பிடித்திருந்தாரா என்று மட்டும் நான் கவனிக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பள்ளிக்கூடச் சீருடை வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. யார் மேலும் தப்பில்லை, பிள்ளைகள் பாவாடை இல்லாமலா காத்திருக்கும்? கீழ்வீட்டுப் பெண் ஒரு திரைச்சீலை கொண்டுவந்து, அவசரமில்லை, எப்போது முடிகிறதோ அப்போது என்றாள். ஓரம் மடித்தேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. முன்பெல்லாம் இப்படி ஒன்றை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். பாதியோடு மடித்து வைத்தேன். மீதி நாளைக்கு, இல்லாவிட்டால் நாளன்றைக்கு. இனிமேல் எல்லாமே இப்படித்தான் போலிருக்கிறது, பாதி பாதியாக.

ஜனவரி 29, வியாழன்

தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஃப்ளூவில் பல ஜாதி உண்டு, ஒன்று வந்து போனாலும் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்றார் டாக்டர். இவரும் போட்டுக்கொண்டார். ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று நர்ஸ் கேட்டாள். வேண்டாம் என்றேன். வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. காரணம் மூச்சு இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

விசிலின் வீட்டுக்குப் போனேன். எனக்கே தைரியம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. இவர் டாக்ஸி பிடித்தார், சிலிண்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இங்கே போல அங்கே லிஃப்ட் இல்லை, ஆனால் தரைத்தள வீடு, நல்லவேளை.

தங்கை கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "எதுக்குக்கா இவ்வளவு தூரம்?" அடுத்த நிமிஷம் உள்ளே ஓடி நாற்காலியைத் துடைத்தாள். ஒரே அறை, ரெண்டு கட்டில். ஒன்றில் விரிப்பு இழுத்துக் கட்டியிருந்தது, இன்னொன்றில் துவைத்த துணி மலையாகக் கிடந்தது. எது யாருடையது என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் பெரிய பானை. "எனக்கு ஒருத்திக்கு அளவா வடிக்கத் தெரியலக்கா. தினமும் மிஞ்சிப் போகுது" என்றாள். அன்றைக்கு மிஞ்சவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம். உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் டீச்சரைப் பற்றிப் பேசினோம். அவளுக்குத் தெரிந்த அக்கா வேறு, எனக்குத் தெரிந்த விசில் வேறு. வீட்டில் அவர் அதிகம் பேசவே மாட்டாராம். என்னால் நம்ப முடியவில்லை. கேக்கு ஜோக்கைச் சொன்னேன். "அவளா? ஜோக்கா?" என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். இன்னொன்று என்றாள். எனக்கு மூச்சு முட்டுகிற வரை சொன்னேன்.

வகுப்புக்கு மறுபடி போகிறீர்களா என்று கேட்டாள். டாக்டர் போகச் சொல்கிறார், ஆனால் இவருக்கு டூட்டி, சிலிண்டரைத் தூக்க ஆள் வேண்டுமே என்றேன். அவள் பாத்திரம் கழுவ எழுந்து போனாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தங்கையிடமிருந்து போன். வெள்ளிக்கிழமைகளில் கிளினிக்கில் அரைநாள் லீவு சொல்லியிருக்கிறாளாம். "அந்தப் பை என்னா கனம் இருக்கும்?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

வகுப்புக்குப் போனேன்.

பயிற்சிப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள், பக்கத்தில் வந்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் என் சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்தாள். நாற்காலிகள் அப்படியே இருந்தன. நான் எப்போதும் உட்காருகிற இடத்தை விட்டுவிட்டுக் கதவருகே உட்கார்ந்தேன். தங்கை பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆறு நிமிஷம் நடக்கச் சொல்லி அளந்தார்கள். அக்டோபரில் போன தூரத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. நடுவில் ரெண்டு தடவை நின்றேன். பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்த தங்கை, நான் நின்றபோதெல்லாம் நின்றாள். கை தட்டவில்லை. அவள் அந்த மாதிரி ஆள் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், எதிர் நாற்காலியிலிருந்த பெரியவர், வகுப்புக்குப் புதிது, எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க தங்கச்சியா?"

எனக்கு இன்னும் மூச்சு திரும்பவில்லை. இல்லை என்று விளக்க எத்தனை வார்த்தை வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே, "ஆமாங்க" என்றாள்.

"அதான பாத்தேன். மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றார் பெரியவர். அவர் சீக்கிரம் கண்ணாடி மாற்ற வேண்டும்.

நாங்கள் ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பயிற்சிப் பெண் கையைத் தட்டி எல்லோரையும் ஊதச் சொன்னாள்.

வரும் வழியில், செவ்வாய்க்கிழமைக்கும் லீவு சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.